தாது ஆண்டுப் பஞ்சமும் நம் நகரின் கால்வாயும்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் நம் இறைமக்கள் நாள்தோறும் ஒரு கால்வாயைக் கடந்து செல்கின்றனர். மேலே பறக்கும் இரயில் ஓடுகின்றது. கீழே கழிவுநீர் கறுத்துத் தேங்கி நிற்கின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பதே நம் வழக்கமாகிவிட்டது. அதை வெட்டியவர் யார், எந்த நிலையில் வெட்டினர் என்று கேட்பார் அரியர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி, 1877-78ஆம் ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதாகும். பசித்து நகருக்கு வந்தவர்கள், ஒரு வேளைச் சோற்றுக்காக மண் சுமந்து உருவாக்கிய நீர்வழி அது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878இல் அதற்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பஞ்சம் என்பது வானம் செய்யும் குற்றமா, மனிதர் செய்யும் குற்றமா? இந்தக் கேள்வியோடு நாம் அந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்ப்பது நலம். ஏனெனில், விடையைப் பொறுத்தே நம் கடமையும் அமைகின்றது. வானம்தான் காரணம் என்றால் மன்றாடுவதும் பிச்சையிடுவதுமே போதும். மனிதரும் காரணம் என்றால் நீதியைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

பஞ்சங்களின் தொடர்

நம் நாட்டிற்குப் பஞ்சம் புதிதன்று. அந்நியர் வருமுன்னரும் மழை பொய்த்தது, மக்கள் மடிந்தனர். ஆயினும் கம்பெனி ஆட்சியிலும், அதன்பின் வந்த அரசியின் ஆட்சியிலும், பஞ்சங்கள் அடுத்தடுத்து வந்தன. வங்காளத்தில் 1770இல் பெரும் பஞ்சம் ஏற்பட்டபோது, மடிந்தோர் போக எஞ்சியோரிடமும் நிலவரி தண்டப்பட்டது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் கிராமங்கள் பாழாகி, மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடி வந்தனர். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்டதே மணியக்காரர் சத்திரம். பிற்காலத்தில் அதன் அருகே வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி’ என்று வடசென்னை மக்கள் அழைத்து வந்தது நம்மில் பலருக்குத் தெரியும். பெயருக்குள் ஒரு பஞ்சம் ஒளிந்திருப்பதுதான் பலருக்குத் தெரியாது.

1833இல் குண்டூர் வட்டாரம் பெரும் அழிவைக் கண்டது. 1866இல் ஒரிசாவும், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் பகுதியும் வாடின. வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அங்கு அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகின்றது. சமய எல்லைகளைக் கடந்து நாம் வணங்கத்தக்க நெருப்பு அது.

மழை பொய்த்த ஆண்டு

இவை யாவற்றினும் கொடியது 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம். தாது ஆண்டில் தொடங்கி ஈசுவர ஆண்டிலும் தொடர்ந்ததால், ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றே தமிழ் மக்கள் அதனை நினைவில் வைத்திருந்தனர். 1876இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. பசிபிக் பெருங்கடலின் வெப்ப மாற்றம் ஒன்றே அந்த ஆண்டுகளில் இந்தியா, சீனா, பிரேசில் ஆகிய நாடுகளை ஒருசேர வாட்டியது என இன்றைய அறிவியல் விளக்குகின்றது. ஆக, மழை நின்றதற்கு எந்த ஆளுநரும் பொறுப்பல்லர். மழை நின்றபின் நடந்தவற்றுக்கே மனிதர் பொறுப்பு.

பல்லாரி, கடப்பை, கர்நூல் முதலிய மாவட்டங்களும், வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும் பெரிதும் வாடின. தானிய விலை இருமடங்கு, மும்மடங்காயிற்று. முதலில் விழுந்தோர் நிலமற்ற கூலியாள்களே. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டு, விளைச்சல் நாள்களில் கிடைத்த கூலி நெல்லை மட்டுமே நம்பியிருந்தவர்கள். வயலில் வேலை இல்லையெனில் கூலி நெல் இல்லை. கையில் காசு என்பது என்றுமே இருந்ததில்லை. அவர்களுக்குப் பின் நெசவாளரும், சிறு குடியானவரும் வீழ்ந்தனர். மாடுகள் மடிந்தன, பித்தளைப் பாத்திரமும் கதவு நிலையும் விற்கப்பட்டன. பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். மலையகத் தமிழரின் வரலாற்றில் இப்பஞ்சத்திற்கு ஓர் அதிகாரம் உண்டு.

எத்தனை பேர் மடிந்தனர்? பிரித்தானியரின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. அதனினும் மிகுதியாகக் கூறுவோரும் உளர். சென்னை மாகாணத்தில் 1871இல் எடுத்த கணக்கைவிட 1881இல் எடுத்த கணக்கில் மக்கள்தொகை குறைந்தே காணப்பட்டது. பத்தாண்டுக் காலம் பிறந்த குழந்தைகளெல்லாம் சேர்ந்தும் அந்த வெற்றிடத்தை நிரப்ப இயலவில்லை.

ஒரு பவுண்டு தானியம்

பஞ்சத்தின் அறிகுறிகள் தெரிந்ததும், 1876இன் இறுதியில் சென்னை அரசு ஆர்பத்நாட் கம்பெனி வழியாக 30,000 டன் தானியம் வாங்க முற்பட்டது. இதனை அறிந்த இந்திய அரசு கண்டித்தது. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது, விலை ஏறினால் தானியம் தானே வந்து சேரும் என்பது அக்காலப் பொருளியலின் கோட்பாடு. இராசப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபு அக்கோட்பாட்டில் உறுதியாக நின்றார். 1877 சனவரி முதல் நாள் டில்லியில் மாபெரும் தர்பார் கூடி, விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசியென அறிவிக்கப்பட்டார். வேந்தர்களும் பிரபுக்களும் விருந்துண்ட அந்த நாள்களிலேயே தெற்கே சாலையோரங்களில் உடல்கள் கிடந்தன.

அந்த சனவரியில், பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்துமாறு சென்னைக்கு அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இவருடைய வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துப் பெருமளவில் உயிர்களைக் காத்தவர் இவரே. அங்கே மடிந்தோர் மிகச் சிலர். ஆனால் உயிர்களைக் காத்தமைக்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. வீண் செலவு செய்தார் என்ற பழி. அப்பழியைத் துடைக்க வந்தவர்போல் அவர் சென்னையில் நடந்துகொண்டார். நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்கொண்டு சில்லறைக் காசும் போதும் என்று அவர் விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதை உண்டு நாள் முழுதும் மண் வெட்ட வேண்டும். கல் உடைக்க வேண்டும். வீட்டை விட்டுப் பல மைல் தொலைவு சென்றால்தான் வேலை என்ற சோதனையும் உண்டு. உண்மையான பசியுள்ளவன் நடந்து வருவான் என்பது அதன் தருக்கம். உண்மையான பசியுள்ளவனால் நடக்கவே இயலாது என்பதை அந்தத் தருக்கம் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனை எதிர்த்தவர் சென்னை அரசின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதை அவர் மருத்துவ முறையில் எடுத்துக் காட்டினார். சிறைக் கைதிக்குத் தரும் உணவைவிட, குற்றம் எதுவும் செய்யாத இந்த ஏழைக்குத் தரும் உணவு குறைவென்று சுட்டினார். முகாம்களில் இறப்பு பெருகுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய விடாமுயற்சியின் பயனாக 1877இல் சென்னை அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. அரசு அலுவலர் ஒருவர் தம் மேலிடத்தின் கோட்பாட்டைவிடத் தம் கண் கண்ட உண்மைக்கு மதிப்பளித்தார் என்பதால், அவர் பெயரை நாம் மறத்தல் ஆகாது.

கரையில் குவிந்த மூட்டைகள்

அக்காலத்தில் சென்னையில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஏட்டின் ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் முழு வரலாற்றை 1878இல் இரு பெரும் தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். அதில் தெரியவரும் செய்திகளுள் நம் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. தானியம் அறவே இல்லாமல் போகவில்லை. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல்களில் வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோல் குவிந்தன. அவற்றைச் சுற்றிக் காவல் இருந்தது. வாங்கும் சக்தி இல்லாதவருக்கு அம்மலை வெறும் காட்சியே. இரயில் ஓடிய ஊர்களுக்குத் தானியம் சென்றது உண்மை. காசுள்ள ஊரை நோக்கி அது ஏழை ஊரைக் கடந்து சென்றதும் உண்மை. காவிரிப் படுகையில் விளைச்சல் கெடவில்லை. ஆனால் அங்கிருந்த நெல் உயர்விலை கிடைத்த இடங்களுக்குப் போனதால், விளைந்த மண்ணிலேயே ஏழைக்கு அரிசி எட்டாக் கனியாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1981இல், அமர்த்தியா சென் இதனையே பொருளியல் முறையில் நிறுவினார். உணவு இல்லாமையால் மட்டும் பஞ்சம் நேர்வதில்லை. உணவைப் பெறும் உரிமை சிலருக்கு அற்றுப்போவதாலேயே நேர்கின்றது என்றார் அவர். 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மடிந்ததை அவர் சிறுவனாகக் கண்டவர்.

ஏரியும் இரயிலும்

சர் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரைத் தஞ்சை மக்களும் கோதாவரி மக்களும் நன்கு அறிவர். கொள்ளிடத்தில் கட்டிய அணையும், 1852இல் முடிந்த கோதாவரி அணையும் அவருடைய உழைப்பின் விளைவுகள். இரயிலுக்குக் கொட்டும் பணத்தை நீர்ப்பாசனத்திற்குத் தாருங்கள் என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன்னும் அதையே கூறினார். தாது ஆண்டில் அணைகளின் கீழிருந்த படுகை நிலங்கள் விளைந்தன. வானம் பார்த்த பூமி காய்ந்தது. இதுவே அவர் வாதத்திற்குச் சான்று.

பெரிய அணைகளுக்கு அப்பால், தமிழகத்தின் உயிர்நாடி ஏரிகளே. ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காக்கும் குடிமராமத்து முறை, வரிமுறையும் ஊராட்சியும் மாறியதால் நலிந்தது. நம் பகுதியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மயிலாப்பூரின் மேற்கே நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி, 1920களில் வடிக்கப்பட்டு மனைகளாயிற்று. இன்றைய தியாகராய நகர் அந்த ஏரியின் மடியில் எழுந்ததே. ஏரியை இழந்த ஊர் மழைக் காலத்தில் மூழ்கும், கோடையில் தவிக்கும். 2015இன் வெள்ளத்தையும் 2019இன் தண்ணீர்ப் பஞ்சத்தையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கஞ்சியும் திருமுழுக்கும்

நம் திருச்சபைக்கும் இப்பஞ்சத்திற்கும் உள்ள தொடர்பை நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். பஞ்ச காலத்தில் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் கஞ்சித்தொட்டிகளையும் அநாதை இல்லங்களையும் நடத்தினர். வட ஆர்க்காட்டுச் சேத்துப்பட்டில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த தாராஸ் அடிகளார் போன்றோர் ஏழை மக்களிடையே தங்கி உழைத்தனர். அக்காலத்திலும் அதை அடுத்தும் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். திருநெல்வேலியில் சீர்திருத்த சபைகளிலும் இவ்வாறே நடந்தது. ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனச் சொல்லுக்கு இக்காலமும் ஒரு காரணமாயிற்று.

இங்கே ஓர் எடுத்துக்காட்டு நமக்குப் பயன் தரும். ஒங்கோலில் பணியாற்றிய அமெரிக்கப் பாப்திஸ்து போதகர் ஜான் கிளவ், இதே பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதியில் மூன்றரை மைல் தொலைவை வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தாழ்த்தப்பட்ட மாதிகா மக்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் பஞ்சம் நீடித்த வரையில் ஒருவருக்கும் அவர் திருமுழுக்கு அளிக்கவில்லை. உதவிக்காக எவரும் மதம் மாறினர் என்ற பேச்சுக்கு இடம் தரலாகாது என்பது அவர் கருத்து. நிவாரணப் பணி முடிந்தபின், 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர்.

சோற்றுக்காக வந்தனர் என்று அம்மக்களை இகழ்வது எளிது. சோறு தந்த கை, தம்மைத் தொட அஞ்சாத முதற்கை என்பதை அவர்கள் கண்டனர் என்பதையும் நாம் எண்ண வேண்டும். தலைமுறைகளாகக் கிணற்றுக்கும் கோயிலுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர் தம்மை மனிதராக நடத்தியவரை நாடியது இழிவன்று. எனினும், பசித்தவன்முன் நிற்கும்போது நம் கையில் சோறு மட்டுமே இருக்க வேண்டும். நிபந்தனை இருத்தல் ஆகாது. ஆண்டவர் மக்கள் திரளுக்கு அப்பம் பகிர்ந்தபோது, உண்டவர் யாரையும் பெயர் எழுதிக்கொள்ளவில்லை. சபைக்குள் வந்த அம்மக்களை நாம் பின்னர் எப்படி நடத்தினோம், கோயிலுக்குள்ளும் கல்லறையிலும் தனியிடம் ஒதுக்கினோமா என்பதே ஏளனச் சொல்லினும் கடுமையான கேள்வி.

பொதுநிலையினர் ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரத்தை’ 1879இல் வெளியிட்ட மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, நம் கத்தோலிக்க சமூகத்தின் பெருமகன். தாது ஆண்டுப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு அவர் ஏழைகளுக்கு உணவளித்தார். அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்து, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை இயற்றினார். சைவப் புலவர் கிறிஸ்தவ வள்ளலைப் பாடிய அக்காட்சியில் தமிழ் மண்ணின் இயல்பு விளங்குகின்றது.

யோசேப்பின் களஞ்சியம்

பஞ்சம் ஓய்ந்தபின், ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவாயிற்று. எப்போது பஞ்சத்தை அறிவிப்பது, யாருக்கு வேலை, யாருக்கு இலவச உணவு என்ற நெறிகள் முதன்முறையாக எழுத்தில் வந்தன. குழுவின் உறுப்பினர்களுள் கெயர்டு, சல்லிவன் ஆகிய இருவர் மட்டும் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். அரசே தானியத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்தம் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. மறுபுறம், பஞ்சக் காப்புக்கென நிதி திரட்டுவதாகக் கூறி, துயரம் தீருமுன்னரே சென்னை மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டது. கஞ்சிக்கு உப்பில்லாதவனே அந்த நிதிக்கும் கொடுத்தவன்.

அந்த இருவரின் பரிந்துரை நமக்குத் தொடக்க நூலின் யோசேப்பை நினைவூட்டுகின்றது. வளமான ஏழு ஆண்டுகளில் சேமித்து, வறண்ட ஏழு ஆண்டுகளில் உயிர்காத்தவர் அவர். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றோம். ஆனால் 47ஆம் அதிகாரத்தைப் படிப்போர் திடுக்கிடுவர். அதே களஞ்சியத்தின் தானியத்திற்கு ஈடாக மக்களின் பணமும், பின் கால்நடைகளும், பின் நிலமும், இறுதியில் அவர்களின் விடுதலையும் பார்வோனின் கைக்குச் சென்றன. களஞ்சியம் இருந்தால் மட்டும் போதாது. அதன் திறவுகோல் யாருக்காகச் சுழல்கின்றது என்பதும் வேண்டும். விவிலியம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது நம் படிப்பினைக்காகவே.

விடுதலை பெற்ற நாட்டில், 1965இல் இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகத்துடன் தொடங்கியது. காமராசர் காலத்தில் 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. 1982இல் சத்துணவாக வளர்ந்தது. 2013இல் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்பைச் சட்டமாக்கியது. நியாயவிலைக் கடை வரிசையை நாம் சலிப்போடு பார்க்கின்றோம். எடை குறைகின்றது, கற்கள் கலக்கின்றன என்று குறை கூறுகின்றோம். குறைகளைக் கேட்டே ஆக வேண்டும். எனினும், கடற்கரையில் காவலுடன் குவிந்த மூட்டைகளுக்கும் இந்த வரிசைக்கும் இடையே உள்ள வேறுபாடு, பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடாகும். அவ்வரிசையில் நிற்கும் மூதாட்டி எவரிடமும் கையேந்தவில்லை. ‘இலவசத்தால் மக்கள் சோம்பேறிகளாகின்றனர்’ என்ற பேச்சு நம் வீடுகளிலும் பங்குக் கூட்டங்களிலும் எழும்போது, அது 1877இலேயே சொல்லப்பட்ட வாதம் என்பதையும், அதன் விலை என்ன என்பதையும் நாம் அறிந்து பேசுவது நல்லது.

நம் தாய்மார்களிடம் ஓர் அருமையான வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் போட்டு வைப்பர். அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் ஏழைக்கும் சேரும். வீட்டளவில் அமைந்த களஞ்சியம் அது, பூட்டில்லாத களஞ்சியம். அரிசி மிகுந்த இக்காலத்தில் அவ்வழக்கம் மறைந்து வருகின்றது. சட்டம் தரும் உரிமை ஒருபுறம் இருக்கட்டும். முகவரியில்லாமல், குடும்ப அட்டையில்லாமல் நம் நகரின் கட்டட வேலைகளுக்கு வடநாட்டிலிருந்து வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்போர், 2020இன் ஊரடங்கில் எப்படித் தவித்தனர் என்பதைக் கண்டோம். அவர்களும் மண் சுமந்து நம் நகரைக் கட்டுகின்றவர்களே. பிடியரிசிக் கலத்தை மீண்டும் வைப்போமானால், அது முதலில் செல்ல வேண்டிய வழி அந்தக் கொட்டகைகளுக்கே.

நவம்பர் மாதத்தில் இறந்தோர் அனைவருக்காகவும் நாம் மன்றாடுகின்றோம். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகின்றோம், பூக்கள் சாத்துகின்றோம். தாது ஆண்டில் மடிந்தோர்க்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. இவ்வாண்டு நம் பங்குகளில் விசுவாசிகளின் மன்றாட்டில் அவர்களுக்கென ஒரு வரி சேர்ப்போம். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கால்வாயைக் கடக்கும்போது, யார் வெட்டியது என்று பிள்ளைகள் கேட்டால், சொல்லிக்கொடுப்போம்.